பத்தியம்

நெசவாளி தணிகாசலம் மூன்றாம் முறையாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, தறிக்குழிக்குள் இறக்க முடியாத அளவுக்கு அவர் கால்கள் வீங்கியிருந்தன. இதயம் தளர்ந்துபோன மனிதர். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியேதான் தூக்கம். ஊசி போட்டால் நீர் பிரிந்து வீக்கம் வடியும். வீட்டுக்குப் போவார். சில வாரங்களில் திரும்பி வந்துவிடுவார்.

"இன்னாம்மா, புது மாப்பிள்ளையாட்டம் வந்துக்கினே இருக்கேன். தீபாவளிக்கு வேட்டி எடுத்துத் தருவியா?" என்றார் நர்ஸ் சம்பூர்ணத்திடம், மூச்சை இழுத்து இழுத்து.

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் ஏதோ தப்பு நடக்கிறது என்று தோன்றியது. அவர் மனைவி லோகாம்பாளைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நீ சொன்ன பத்தியந்தாம்மா. கொழம்பு, கருவாடு எதையும் கண்ணுல காட்டறதில்லே. வேளாவேளைக்குக் கஞ்சி, தொட்டுக்க நார்த்தங்கா. கெஞ்சினாக்கூட வேற எதுவும் தரமாட்டேன்."

உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, மேலெல்லாம் உப்புப் பூத்த நார்த்தங்காய். சம்பூர்ணத்தின் வீட்டிலும் நோயாளிக்கு அதுதான் பத்தியம். "உப்பைக் குறைக்கச் சொல்லும்மா" என்று டாக்டர் சொன்னதை, "பத்தியமா பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். இரண்டு முறையும்.

"இனிமே ஆஸ்பத்திரிக் கஞ்சியே போதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை ஊசி போட்டும் வீக்கம் வடியவில்லை. மறுநாள் மத்தியானம் தணிகாசலம் இறந்துபோனார். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு லோகாம்பாள் கேட்டாள்: "நான் பத்தியத்துல எதுனா கொறை வெச்சேனாம்மா?"

"ஒரு கொறையும் வைக்கலேம்மா."

அது பொய்யா நிஜமா என்று சம்பூர்ணத்துக்கே தெரியவில்லை. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். இனி இதய நோயாளி யாரை வீட்டுக்கு அனுப்பினாலும், வீட்டில் சமைப்பவரை உட்கார வைத்துப் பேசிவிட்டுத்தான் அனுப்புவது என்று முடிவாயிற்று.

ஒரு மாதம் கழித்து, மாகறலிலிருந்து வந்து படுத்திருந்த வீரபத்திரனை வீட்டுக்கு அனுப்பும் நாள். அவர் மகள் வடிவு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பத்தியம்தானே சிஸ்டர்? கஞ்சியும் நார்த்தங்காயும் குடுத்தா சரியா?"

சம்பூர்ணம் நிமிர்ந்தாள். வார்டு வாசலில் லோகாம்பாள் நின்றிருந்தாள். இடுப்பில், வாயைத் துணியால் கட்டிய பீங்கான் ஜாடி.

"அவருக்குப் போக மீந்தது. இங்க கஞ்சிக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்லாம கஷ்டப்படறாங்களேன்னு கொண்ணாந்தேன்" என்றாள்.

வடிவு பதிலுக்குக் காத்திருந்தாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றால், வீரபத்திரனை ஏற்றிப்போக வெளியே வண்டி தயாராக நிற்கிறது. சம்பூர்ணம் வடிவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நார்த்தங்கா கூடாதும்மா. ஒரு துண்டுகூட. அது முழுக்க உப்பு. உப்பு சேர்ந்தா உடம்புல தண்ணி கட்டிக்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும். கஞ்சியிலும் உப்பு போடாதே."

வார்டில் யாரோ இருமினார்கள். லோகாம்பாள் ஜாடியைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து இறக்காமலே முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.

"நர்ஸம்மா," என்றாள். "அந்தப் பொண்ணுக்கு இன்னொரு வாட்டி சொல்லு. தலைய ஆட்டுது. வெளங்கினாப்பலே தெரியலே."