சிவப்பு விளக்கும் கனிசியஸின் நோன்பும்

2025ஆம் ஆண்டு, மார்ச் மாதம் 28ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. காலை முதலே வெயில் கொளுத்திற்று. யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலில் பேருக்கும் காற்று இல்லை.

தேவாலய மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவ முகாமில், மூச்சைப் பகுப்பாய்வு செய்யும் புதிய கருவியொன்றின் முன் தயாளினி அமர்ந்திருந்தாள். கரவெட்டியைச் சேர்ந்த அவள் ஆய்வுக்குழுவின் தொழில்நுட்பவியலாளர். இதயம் தளரத் தொடங்கும்போது மனிதர் வெளிவிடும் மூச்சில் அசற்றோன் என்னும் வாயு மிகும். அதனைக் கண்டறிந்தவுடன் கருவியிற் சிவப்பு விளக்கு எரியும். ஆயினும், வயிறு காய்ந்து கிடப்பவரின் மூச்சிலும், நீரிழிவுக்காரரின் மூச்சிலும் அதே வாயு மிகுவதுண்டு. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் மீனவக் குடும்பங்கள் நோன்பிருக்கும் என்பதை, முகாமுக்கு நாள் குறித்த தயாளினி அடியோடு மறந்துவிட்டாள்.

விளைவு, ஊதியவர்களிற் பாதிப்பேருக்குச் சிவப்பு எரிந்தது. வைத்தியர் சுபாஸ்கரன் அவர்களைப் பரிசோதித்தார். எவருக்கும் ஒரு குறையும் இல்லை.

"பிள்ளை, உது இருதயம் பாக்கிற மெசினோ, பசி பாக்கிற மெசினோ?" என்றாள் ஒருத்தி. மண்டபமே சிரித்தது. தயாளினியின் முகம் சுண்டிப்போயிற்று. நோன்பாளிகளின் சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, அவர்களை வேறொரு நாள் வரச்சொல்வது என்று வைத்தியர் முடிவுசெய்தார்.

மதியம் கழிந்தபின், படகோட்டி கனிசியஸை அவருடைய மனைவி மேர்சி இழுக்காத குறையாக அழைத்துவந்தாள். வாசற்படி ஏறியதற்கே அவருக்கு மூச்சு வாங்கிற்று. ஊதினார். அன்றைய அளவுகள் யாவற்றையும் விஞ்சிய அளவைக் காட்டிச் சிவப்பு எரிந்தது.

"அண்ணை, சீனி வருத்தம் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

"கடைசியா எப்ப சாப்பிட்டனியள்?"

கனிசியஸ் மனைவியைக் கடைக்கண்ணாற் பார்த்தார். "நான் நோன்பு. ராத்திரியிலையிருந்து பச்சைத்தண்ணிதான்."

"அப்ப வாற கிழமை வாங்கோ," என்றாள் தயாளினி சலிப்புடன்.

"நல்லது. பின்னேரம் கடல் தொழிலுக்குப் போகவேணும்," என்று அவர் எழுந்தார்.

அவ்வேளை அவருடைய படகுக் கூட்டாளி ஜெறோம் உள்ளே வந்தான். வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னது, நோன்போ? இப்பதானே சந்தியடியிலை ஒரு பிளேட் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி முடிச்சவர்! குழம்பு வேறை கேட்டு வாங்கினவர்!"

"வெள்ளிக்கிழமையிலை இறைச்சியோ!" மேர்சி வெடித்தாள். "என்ரை மாதாவே! இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கோ?"

"வாயை மூடடா," என்று கனிசியஸ் முனகினார்.

தயாளினியோ கதிரையைத் தள்ளிக்கொண்டு துள்ளி எழுந்தாள்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ! சாப்பிட்டனியளோ?"

"ஓம் பிள்ளை... சுவாமியாருக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

"டொக்டர்! ஓடிவாங்கோ! இவர் நோன்பில்லை!"

வயிறு நிறைந்தவரின் மூச்சில் இத்துணை அசற்றோன் இருக்கிறதென்றால் அது பசியன்று. சுபாஸ்கரன் கனிசியஸின் வீங்கியிருந்த கணுக்காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி மீளவில்லை. கழுத்திற் கிடந்த குழாயை முதுகில் வைத்துக் கேட்டவர் முகம் மாறி, "அம்புலன்சுக்கு அடியுங்கோ!" என்றார்.

"படுத்தால் மூச்சடைக்குது எண்டு நாலு நாளா குந்தியிருந்துகொண்டுதான் நித்திரை," என்று மேர்சி விம்மினாள். "வாய்வு எண்டு சொல்லி என்னை ஏமாத்திப்போட்டார்." கோபமும் அழுகையுமாக அவள் கணவரின் கையை விடாமற் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வைத்தியரும் உடன் சென்றார். மண்டபத்தில் எவரும் வீட்டுக்குப் போகவில்லை; தயாளினியின் கைபேசி ஒலித்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டனர்.

"இருதயம் தளர்ந்து நுரையீரல் நிறையத் தண்ணி," என்றார் சுபாஸ்கரன். "ஊசி போட்டு இறக்கியாச்சு, இப்ப மூச்சு சீராயிருக்கு. கடலுக்குப் போயிருந்தால் ஆள் திரும்பியிரார்."

தயாளினி அதனை உரத்துச் சொன்னாள். பெண்கள் கைதட்டினர், ஜெறோம் மேசையிற் குத்தி ஆர்ப்பரித்தான். அப்போது நேரம் சரியாகப் பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம்; கனிசியஸின் படகு கடலில் இறங்கியிருக்கவேண்டிய நேரம்.