சிலிண்டருக்கு ஐஸ்

திண்டிவனத்தில் என் மெக்கானிக் ஷெட் நிற்கும் இடம் தாண்டவராயன் மாமாவுடையது. அம்மாவின் தம்பி, மனை போட்டு விற்கிறவர். புது டர்போ கார் வாங்கியதிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

“பொம்பளைக்கு எதுக்குடி ஸ்பானரு? ஷெட்டைக் காலி பண்ணு கலையரசி, செல்போன் கடைக்கு வுடப்போறேன்” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “என் பழைய எஸ்டீமு உங்க காரை முந்திட்டா?”

“முந்திட்டா ஷெட்டு உனக்கே. இல்லன்னா சாவியைக் குடுத்துட்டு போய்க்கினே இரு.”

கூட்டேரிப்பட்டு தாண்டி அவர் போட்ட மனைப்பிரிவில் பந்தயம். கலர் கொடி, அலங்கார வளைவு, நேரான தார்ச்சாலை எல்லாம் இருந்தன. வீடுதான் ஒன்றுகூட இல்லை. கேட்டைப் பூட்டினால் ஆடுகூட வராது.

டிக்கியில் நைட்ரஸ் ஆக்சைடு பாட்டில் பொருத்தினேன். இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கிற வாயு அது. கூடவே பெட்ரோலும் அளவாகப் போக வேண்டும். பேராசைப்பட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். நான் என்ன மடச்சியா? இருபத்தைந்து குதிரைத்திறனுக்கான சின்னத் துளை ஜெட்தான் போட்டேன். இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் வாயு திறக்கும்படி சுவிட்சுகளும் வைத்தேன். பாட்டிலின் அழுத்த மீட்டரில் முள் தொள்ளாயிரத்துக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். அங்கே பச்சைப் பெயிண்ட் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பொம்மையார்பாளையத்தில் வாங்கிய மீனும் ஐஸ்பெட்டியுமாக அம்மா வந்து சேர்ந்தாள். ஷெட் வைத்த நாலு வருஷத்தில் ஒருநாள்கூட உள்ளே காலெடுத்து வைக்காதவள், வேடிக்கை பார்க்க மட்டும் வந்துவிட்டாள்.

நானும் மாமாவும் சாலை முழுக்க நடந்து கல்லும் முள்ளும் பொறுக்கிவிட்டுத் திரும்ப அரைமணி நேரம் ஆனது. டிக்கி திறந்து கிடந்தது. பாட்டிலைச் சுற்றி ஐஸ். ஐஸ் மேல் நாலு சங்கரா மீன்.

“அடிப்பாவி! என்னா பண்ணி வெச்சிருக்கே?”

“சிலிண்டரு கொதிக்குதுடி. வெடிச்சா என்னா பண்றது?”

முள் அறுநூற்றில் கிடந்தது. பாட்டில் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். நைட்ரஸ் குறைவாக வரும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் கொட்டும். வண்டி இருமிக்கொண்டு கரும்புகை கக்கும்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னாடி, மீன் வண்டியா? அடுப்புல காட்டி சூடு பண்ணேன்!”

“நெருப்பு கிட்டவே காட்டக் கூடாது மாமா!”

“பத்து நிமிசம் டைம். அதுக்குள்ள வரலன்னா நீ தோத்தே.”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “ஷெட்டை மூடணும்னுதானே இப்படிப் பண்ணே?” என்று அம்மாவிடம் கத்தினேன்.

அவள் முகம் வாடிவிட்டது. “நீ அதும் பக்கத்துல ஒக்காந்துக்கினு போவப்போற. பயமா இருக்காதா எனக்கு?”

ச்சே, என்ன ஜென்மம் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளோ புடவையை இழுத்துச் செருகினாள். “சூடுதானே வேணும்? தோ இருக்குது பாரு.” மரக்கன்றுகளுக்காக மாமா வைத்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கத்திரி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் கை பொறுக்கும் அளவுக்கு வெந்நீர்! மீனைப் பெட்டியில் போட்டோம். பாட்டிலைச் சுற்றித் துண்டு போட்டு, அம்மா மொண்டு மொண்டு ஊற்றினாள்.

“பச்சையைத் தாண்டக் கூடாதும்மா.”

“கஞ்சி பொங்காம பாத்துக்கறவடி நான்.”

எழுநூறு. எண்ணூறு. மாமா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

“முள்ளு பச்சைக்கு வந்துடுச்சு! ஜல்தி போ!”

பாட்டில் வால்வைத் திறந்துவிட்டு, சீட் பெல்ட் மாட்டிக் கிளம்பினேன். மாமா முதலிலேயே ஒரு கார் நீளம் முந்திவிட்டார். இரண்டாவது கியர், மூவாயிரத்து ஐந்நூறு, கால் தரையோடு. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல வண்டி பாய்ந்தது. கடைசிக் கொடிக் கம்பத்தை எஸ்டீமின் மூக்குதான் முதலில் தாண்டியது. நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது.

மாமா இறங்கி வந்து, ஈரம் சொட்டும் டிக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஷெட்டு உனக்கே. எனக்கும் ஒரு பாட்டில் மாட்டி வுடு.”

“மொதல்ல இன்ஜினைச் செக் பண்ணணும். அது தாங்கும்னா யோசிப்போம்.”

மறுநாள் காலை ஷெட் வாசலில் அம்மா நின்றாள். கையில் மீன்குழம்புத் தூக்கு. செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள்.

“போட்டுக்கினே வாம்மா, ஆணி கெடக்கும்.”

அவள் காதில் வாங்கவில்லை. வெறுங்காலோடு நேரே எஸ்டீமிடம் போய் டிக்கியைத் திறந்தாள்.

“வால்வு மூடினியாடி?” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூடிவிட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.