சாமான் அறைக்குக் காற்று

வரைபடத்தில் அந்த அறைக்குப் பெயர் சாமான் அறை. சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தைத் தாண்டி இருக்கும். ஒரு கட்டிலைப் போட்டுவிட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லாததைப் படுக்கையறை என்று எழுதினால் கட்ட அனுமதி கிடைக்காது. அதனால் பிரேசிலில், எங்கள் ரெசிஃபி நகரத்தில், சாமான் அறை என்று எழுதிவிட்டு வேலைக்காரியை அதில் படுக்க வைத்துக்கொள்வது வழக்கம். எழுதுகிறவருக்கும் தெரியும், வீடு வாங்குகிறவருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

போவா வியாஜெம் கடற்கரையில் முப்பத்தொரு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு மூளை வைக்கும் வேலை வனூபியாவுடையது. விளக்கு, காற்று, தண்ணீர், கதவு, லிஃப்ட் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஒரு சென்சார் இருக்கும். உள்ளே எத்தனை பேர் என்று அது எண்ணும். ஆள் இருந்தால் காற்று வரும் வாய் திறக்கும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். எந்த அறைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அறையின் பெயரை வைத்து மூளை முடிவு செய்யும். வனூபியாவுக்கு முப்பத்தொரு வயது. மூன்று வருடம் ஊண் உறக்கமில்லாமல் யோசித்து அதை உருவாக்கியிருந்தாள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் டாக்டர் துர்வால். மருத்துவர் இல்லை, எங்களிடம் பணம் உள்ளவர் எல்லாரும் டாக்டர்தான். வரைபடத்தை விரித்து வைத்து நடந்த கூட்டத்தில் வனூபியா மெல்லக் கேட்டாள்.

“டாக்டர், சாமான் அறைக்கு மட்டும் சென்சார் இல்ல. காத்தும் எப்பவும் மூடியே இருக்குற மாதிரி வருது.”

“ஏன், துடைப்பம் மூச்சு விடுமா?”

“ஆள் படுப்பாங்க டாக்டர்.”

“யார் சொன்னா? வரைபடத்துல எங்க எழுதியிருக்கு, காட்டு பாப்போம்.” பேனாவை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. “உங்க அம்மா இதே தெருவுலதானே இஸ்திரி போட்டாங்க? நீயும் அங்க ஒரு சாமான் ரூமுலதானே வளர்ந்த? அந்த ரூமுக்குக் காத்துக் குழாயா போட்டிருந்தாங்க? இன்னிக்கு நீ இன்ஜினியர். அப்படின்னா அது ரொம்ப ராசியான ரூமு!”

மேசையைச் சுற்றி இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். வனூபியாவும் சிரித்தாள். ஒன்பது வயது வரை இஸ்திரிப் பலகைக்கு அடியில் படுத்து வளர்ந்தவள் அவள். மூடிய கதவுக்குள் அம்மாவின் மூச்சும் தன் மூச்சும் கலந்து முகத்தில் ஈரமாக இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தாள். அவளைக் கெட்டவள் என்று எழுதிவிடாதீர்கள், கண்ணுகளா. அந்த மேசையில் உட்கார ஒரு நாற்காலி கிடைப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்தார்கள். இருபத்திரண்டாவது மாடியில் தோனா எலோயிசா, அவள் கணவர், ஒரு மகள், பிப்போக்கா என்ற நாய். அவர்களோடு நிவால்டா. பதினேழு வருடமாக அந்தக் குடும்பத்துக்குச் சமைக்கிறவள். மழையில் மலைச்சரிவு இறங்கி அவள் வீட்டை மூடி இரண்டு வருடமாகிவிட்டது. மீதி இருந்தது ஒரு பை துணியும் இழுப்பு நோயும், இழுப்புக்கு வாயில் வைத்து அழுத்தும் பம்பும்தான். உலகத்தில் அவள் முதுகைச் சாய்க்க இருந்த ஒரே இடம் அந்தச் சாமான் அறை.

குடிவந்த வீடுகளைச் சரிபார்க்க வனூபியா மாடி மாடியாக வந்தாள். இருபத்திரண்டில் தோனா எலோயிசா கதவைத் திறந்து, பின்பக்கம் கை காட்டிவிட்டுப் போய்விட்டாள். சமையலறையில் நிவால்டா பயறு உரித்துக்கொண்டிருந்தாள். அசையாமல் உட்கார்ந்திருந்ததால் விளக்கு அணைந்துவிட்டது. அவள் தலை நிமிராமல் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள், விளக்கு வந்தது.

“உன் வீடுதானா இது மகளே? நல்ல வீடு. நான் உயிரோட இருக்கேனான்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேக்குது.”

“அதைச் சரி பண்ணிடறேன் தோனா நிவால்டா.”

அந்த வீட்டில் அவளைத் தோனா என்று மரியாதை சேர்த்து யாரும் அழைத்ததில்லை. நிவால்டா பயற்றை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“விளக்கு கெடக்குது. என் ரூமுக்குக் கொஞ்சம் காத்து விடுவியா? கதவத் திறந்து வெச்சா கட்டில் தெரியுதுன்னு அம்மா மூடச் சொல்றாங்க. மூடினா நெஞ்சு அடைக்குது. நாய்க்குக் கழுத்துல ஏதோ கட்டியிருக்கீங்களாம், அது எங்க படுத்தாலும் காத்து வருதாம். ஒரு நாள் அதைத் தூக்கிட்டுப் போயி என்கூடப் படுக்க வெச்சேன். ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டிப்போச்சு!” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இழுப்பில் முடிந்தது. பம்பை எடுத்து இரண்டு முறை அழுத்திக்கொண்டாள்.

வனூபியா அலுவலகத்துக்குத் திரும்பியதும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், சாமான் அறை என்ற சொல்லை அழித்துப் படுக்கையறை என்று எழுதினாள். மூன்று விநாடி வேலை. கூரையில் இருந்த வாய் திறந்தது. சென்சார் இல்லாத அறை என்பதால் அது மூடவே இல்லை.

பதினொரு இரவு நிவால்டா நிம்மதியாகத் தூங்கினாள். பன்னிரண்டாவது நாள் அவள் அரைத்த சோளத்தைச் சோள மட்டையில் கட்டி வேகவைத்த ஆறு பமோன்யா, கட்டடக் காவலாளி கையில் வனூபியாவுக்கு வந்து சேர்ந்தது. சூடு ஆறாமல் இருக்கத் துண்டில் சுற்றியிருந்தது. அவள் இரண்டாவதைத் தின்றுகொண்டிருந்தபோது டாக்டர் துர்வால் கூப்பிட்டனுப்பினார்.

எல்லாம் எல்லாவற்றோடும் பேசும்படி அமைத்தவள் அவள்தான். காப்பீட்டுக்காரர்களுக்கு மாதம் ஒரு அறிக்கை தானாகவே போகும். அதையும் அமைத்தவள் அவள்தான். அதில் ஒரு வரி: இருபத்திரண்டாவது மாடி, படுக்கையறை நான்கு, அதில் ஒன்றுக்கு ஜன்னல் இல்லை. அவர்கள் திருப்பி ஒரு வரி கேட்டிருந்தார்கள். அங்கே ஆள் படுக்கிறார்களா?

டாக்டரின் அறையில் தோனா எலோயிசாவும் உட்கார்ந்திருந்தாள்.

“நிவால்டா ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறவ,” என்றாள் அவள். “வேலைப் பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு.”

“அவங்களுக்கு வீடு இல்லையே தோனா எலோயிசா,” என்றாள் வனூபியா.

“அது நான் சரிச்ச மலையா?”

டாக்டர் துர்வால் கையை உயர்த்தினார். “ஒருத்தரும் சண்டை போட வேணாம். வனூபியாவுக்கு இளகின மனசு. இந்த ரூமுக்குச் சென்சார் வேணும்னு அன்னிக்கே கேட்டா. நான்தான் கேக்கல. தப்பு என்மேலதான். போடு.”

வனூபியா நிமிர்ந்து பார்த்தாள்.

“முப்பத்தொரு வீட்டுலயும் போடு. பேரு சாமான் அறைதான். உள்ள ஆள் அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருந்தா விளக்கெல்லாம் எரியட்டும், கத்தட்டும், வீட்டுக்காரங்க போனுக்குச் சேதி போகட்டும். அங்க யாரும் படுக்கலன்னு கட்டடமே சாட்சி சொல்லும். வேற எந்தக் கட்டடத்தால முடியும் இது?”

“அஞ்சு நிமிஷத்துல சாமான்கூட எடுத்து வைக்க முடியாது டாக்டர்,” என்றாள் வனூபியா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “இருபது வைக்கலாம்.”

“பேரம் பேசுறா பாருங்க. சரி, இருபது. ஏழைங்களுக்கு நீதான் தாய்.”

சென்சார் போட ஒரு வாரம் ஆனது. காற்று வாய் மறுபடி மூடியது. தோனா எலோயிசா நிவால்டாவிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். நீ எங்கே படுக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அந்த அறைக்குள் இருபது நிமிடம் தாண்டி என் போன் மூன்று முறை கத்தினால் நான் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன். கூடத்திலோ சமையலறையிலோ சாயவும் முடியாது. பத்து மணிக்கு மேல் பதிவில்லாத ஆள் இருந்தால் அங்கேயும் வீடு சேதி அனுப்பிவிடும். சென்சார் இல்லாதது துணி துவைக்கும் இடம் ஒன்றுதான், அங்கே நிற்கத்தான் இடம் இருக்கும்.

முதல் இரவே போன் ஒரு முறை கத்தியது. பிறகு கத்தவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், பதினைந்து நாள். நிவால்டா எங்கோ உறவுக்காரர் வீட்டில் இடம் பிடித்துவிட்டாள் என்று வனூபியா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

பதினாறாம் நாள் காலையில் டாக்டர் துர்வால் அவள் மேசைக்கே வந்தார். “இருபத்திரண்டுல ராத்திரி பூரா ஏதோ கதவு க்ளிக் க்ளிக்னுதாம். நாய் தூங்கலையாம். பாரு.”

வனூபியா திரையில் அந்தச் சாமான் அறையின் இரவைத் திறந்தாள். கோடு சீப்புப் பல்லைப் போல இருந்தது. பத்தொன்பது நிமிடம் உள்ளே ஆள். ஒரு நிமிடம் ஆள் இல்லை. மறுபடி பத்தொன்பது. மறுபடி ஒன்று. பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரு பல்கூட உடையவில்லை. முந்தைய இரவைத் திறந்தாள். அதுவும் சீப்பு. அதற்கு முந்தையதும்.

நெஞ்சில் இழுப்போடு அந்தப் பெண் பதினைந்து இரவு, பத்தொன்பதாவது நிமிடத்தில் எழுந்து, கதவைத் திறந்து, துணி துவைக்கும் இடத்தில் அறுபது எண்ணிவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் படுத்திருக்கிறாள். காலையில் அந்தக் குடும்பத்துக்குக் காப்பி போட்டிருக்கிறாள்.

டாக்டர் துர்வால் வாய்விட்டுச் சிரித்தார். “அடடா! கிழவி உன் மூளையத் தூக்கிச் சாப்பிட்டுட்டா. இவள வேலைக்கு எடுத்திருக்கணும் நான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எல்லா வீட்டுலயும் அஞ்சு ஆக்கு.”

வனூபியாவின் விரல்கள் விசைப்பலகையின்மேல் இருந்தன. எழுந்து போயிருக்கலாம். அன்று நீட்டிய பேனாவை இன்றாவது கேட்டு வாங்கியிருக்கலாம். இதையெல்லாம் நாம் சொல்லலாம். நாம் அந்த நாற்காலியில் இல்லை.

“பத்து போதும் டாக்டர்,” என்றாள்.

“உன் இஷ்டம். நீதானே இன்ஜினியர்.”

முதலில் இருபத்திரண்டாவது மாடிக்குப் பத்து என்று எழுதினாள். மூன்று விநாடி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போன் அடித்தது. நிவால்டா. பின்னால் காப்பி கொதிக்கும் சத்தமும், அவள் மூச்சின் சீழ்க்கைச் சத்தமும் கேட்டன.

“மகளே, தொந்தரவு பண்றேன். ராத்திரி இது சீக்கிரமே கத்திடுச்சு. நான் சரியாத்தான் எழுந்தேன், தப்பு என்மேல இல்ல. அம்மாவுக்கு ரெண்டாவது சேதி போயிடுச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அப்புறம் நான் கண்ணே மூடல, வெளியவே நின்னுட்டேன். இப்ப எத்தனன்னு சரியாச் சொல்லு கண்ணு, உன்னத் தவிர எனக்கு யாரு சொல்லுவா?”

“பத்து, தோனா நிவால்டா.”

“பத்தா.” காப்பியை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. “அப்ப ஒம்போதுல எழுந்துக்கணும். யாரும்மா மாத்தினது? அந்த டாக்டரா?”

வனூபியா கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. உண்மையைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லாத காலை அது.

“யாரும் மாத்தல. கட்டடம் தானாவே கத்துக்கும். உங்களைப் பாத்து அதுவே கத்துக்கிச்சு.”

“என்னையப் பாத்தா?” நிவால்டா வியந்துபோனாள். “அதான பாத்தேன். சரி கண்ணு, இனிமே அதுக்குத் தெரியாம எழுந்து பழகிக்கிறேன். நீ நல்லா இருக்கணும்.”

போனை வைத்துவிட்டாள். வனூபியா மற்ற முப்பது வீடுகளின் சாமான் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இருபதைப் பத்தாக்கத் தொடங்கினாள். ஏழாவது மாடியிலும் பதினான்காவது மாடியிலும் கோடு சீப்புப் பல்லாகத்தான் இருந்தது.