தயவுசெய்து தொடவும்

மியூசியம்காரர்கள் ஒன்றுகூடினால் கலை, வரலாறு என்று பேசுவார்கள் என நினைப்பவர்கள் ஏமாந்துதான் போக வேண்டும். பேசுவதெல்லாம் பூச்சி, பூஞ்சணம், ஒழுகும் கூரை. தொண்ணூற்றிரண்டில் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த பயிற்சி முகாமிலும் அதே கதைதான். ஆனால் எலியேசருக்கு அது கல்யாண வீடு. அந்தக் கல்லூரியின் விலங்கியல் மியூசியத்துக்கு அவர்தான் காப்பாளர். நாற்காலி போடுவதிலிருந்து காபி சொல்வது வரை எல்லாம் அவர் தலையில். போதாததற்கு, அன்று மத்தியானம் அவர் கட்டுரை வேறு வாசிக்க வேண்டும்.

கட்டுரை, பார்வையில்லாத பிள்ளைகளைப் பற்றியது. குரோம்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் வருவார்கள். ஊர் மியூசியமெல்லாம் 'தொடாதே' என்று பலகை மாட்டியிருக்க, எலியேசர் 'தயவுசெய்து தொடவும்' என்று தன் கையாலேயே எழுதி மாட்டியிருந்தார். பாடம் செய்து வைத்த கரடி, மரநாய், கூழைக்கடா எல்லாவற்றையும் பிள்ளைகள் தடவிப் பார்ப்பார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு பன். தடவிய கையாலேயே தின்பார்கள். செல்வமேரி என்கிற ஒன்பது வயதுக்காரி மட்டும் கரடியை விட்டு நகரவே மாட்டாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். எலியேசருக்குப் பிள்ளையில்லை. வெள்ளிக்கிழமைக்காகத்தான் அவர் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

காலை வகுப்பு சாவித்ரி மேடத்துடையது. பழம்பொருள் பாதுகாப்பில் பெரிய கெட்டிக்காரர். "பழைய மிருகம் எதாவது இருக்கா? ஒரு சோதனை செஞ்சு காட்டலாம்" என்றார். இருக்கிறதா என்று எலியேசரிடமா கேட்பது! ஓடிப்போய்க் கரடியைச் சக்கரப் பலகையோடு தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாவித்ரி கையுறை மாட்டிக்கொண்டு, கரடியின் காதோரம் கொஞ்சம் முடியை வெட்டிச் சின்ன சீசாவில் அமிலத்தோடும் துத்தநாகத் தூளோடும் போட்டு, வாயை மருந்து தோய்த்த ஒரு வெள்ளைத் தாளால் மூடினார். பேசிக்கொண்டே இருந்தார். தாள் மஞ்சளானது. பிறகு காபிக் கறை போலப் பழுப்பானது.

"ஆர்சனிக். பாஷாணம்தான். அந்தக் காலத்துல பூச்சி அரிக்கக் கூடாதுன்னு தோல்ல தடவுவாங்க. வெறுங்கையால தொடவே கூடாது. உடம்புல கொஞ்சம் கொஞ்சமா ஏறும். உள்ளங்கை தடிச்சுச் சொரசொரன்னு ஆயிடும்."

செல்வமேரியின் உள்ளங்கைகள் சில மாதமாகவே சொரசொரத்துக் கிடந்தன. சொறி என்று நினைத்து எலியேசர்தான் களிம்பு வாங்கிக் கொடுத்திருந்தார்.

இடைவேளையில் கல்லூரி முதல்வர் வேதசிரோமணியைத் தனியாக அழைத்துக் கரடி விஷயத்தைச் சொன்னார். முதல்வர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எலியேசர், டெல்லியிலேர்ந்து உங்க பேப்பருக்காகவே ஆள் வந்திருக்காங்க. முதல்ல வாசிச்சு முடிங்க. மத்ததை அப்புறம் நமக்குள்ள பேசிக்கலாம். இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே?"

நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள்தான் இப்படிப் பதமாகப் பேசுவார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், எலியேசருக்கும் அது நியாயமாகவே பட்டது. வாசித்துவிடுவோம், அப்புறம் சொல்வோம் என்று மைக் முன்னால் போய் நின்றுவிட்டார்.

பிள்ளைகளை நேரிலேயே காட்டுவதாக அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். இரண்டாம் பக்கம் புரட்டும்போது அவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி உள்ளே வந்தார்கள். மேடையோரம் நின்ற கரடியின் வாசனை செல்வமேரிக்கு எட்டிவிட்டது. வரிசையை விட்டாள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"தொடாதே!"

ஹால் அதிர்ந்தது. தாள்கள் சிதற, எலியேசர் குதித்து இறங்கி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அப்படியே சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தக் கரடி மேல விஷம் இருக்கு. காலையில நீங்க எல்லாருமே பாத்தீங்க. இத்தனை வருஷமா இந்தப் பிள்ளைங்களைத் தொட வச்சது நான்தான். இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். யாராவது வண்டி சொல்லுங்க."

முதல்வர் தலையைக் குனிந்துகொண்டார். சாவித்ரி எழுந்து போன் இருக்கும் அறைக்கு ஓடினார். எலியேசர் அவள் கைகளை விடவே இல்லை. செல்வமேரி கரடி நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"கரடிக்கு இன்னா ஆச்சு சார்?"

"கரடியத் தூரமா கொண்டுபோய் வச்சிடுவாங்கம்மா. இனிமே அது வராது."

அவர் கண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்ததும் அவர் பக்கமாகச் சாய்ந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்று ரகசியமாகச் சொன்னாள்.

"அழுவாத சார். அதோட முடி கொஞ்சம் எங்கிட்ட கீது. தலகாணிக்குள்ள வச்சிகினு கீறேன். டெய்லி மூஞ்சில வச்சிகினுதான் தூங்குவேன். உனக்கும் பாதி தரேன்."