ஷைபியின் முறை

சுனோஜுக்குச் சம்பளம் மின்சார ஆபீஸில், லைன்மேன் வேலைக்கு. அது மாசக் கடைசியை எட்டாததால் பார்க்கும் வேலை சாவு வீடுகளில். கேரளாவில் ரான்னிப் பக்கத்து மலைகளில் வீட்டுக்கு இரண்டு பேர் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். இங்கே ஒரு உயிர் போனால் அங்கே நாலு பேர் போனைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். அதற்கு அடக்கத்தை நேரலையில் காட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் சுனோஜ்.

அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் இன்னொரு தொழில் செய்யக்கூடாது என்பதால் பெண்டாட்டி பேரில் 'பிந்து லைவ்' என்று வைத்திருந்தான். ஆபீஸில் இது தெரியாத ஆள் கிடையாது. எவனாவது செத்தால்தான் சுனோஜ் வீட்டில் மீன் வாங்குவார்கள் என்று அவன் காதுபடவே பேசுவார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போவான். நாற்பது அடக்கம் பார்த்தாயிற்று. ஈழவ ஜாதியில் இந்துவாகப் பிறந்தவனுக்கு எந்த ஜபத்துக்குப் பிறகு எந்தப் பாட்டு வரும் என்று சர்ச்சில் மணியடிக்கும் கப்பியாரைவிட நன்றாகத் தெரியும்.

நாற்பத்தோராவது, ஏலியாம்மச்சி. மூத்த மகன் ரோய் ஊரிலேயே இருக்கிறார், ரப்பர் கடை. இளையவள் ஷைபி இஸ்ரேலில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். விட்டுவிட்டு வந்தால் விசா போச்சு, திரும்ப நுழைய முடியாது. அம்மாவை நேரில் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது.

முந்தின நாள் சாயங்காலம் அவளே சுனோஜைக் கூப்பிட்டாள். அழவில்லை. அழுது முடித்த குரல்.

"சேட்டா, வீடியோ நீங்க அப்புறமாக்கூட அனுப்பலாம். ஆனா அதுக்கு முத்தம் குடுத்தா அம்மச்சிக்குப் போய்ச் சேருமா? சர்ச்சுல கடைசி முத்தம் குடுக்கறப்ப போனை அம்மச்சி நெத்திக்கிட்ட புடிங்க. காதுல ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"நான் புடிக்கறேன் மோளே. நீ கவலப்படாத" என்றான். மனுஷன் வாய் சும்மா இருக்குமா?

அன்று ராத்திரி காற்றும் மழையும் பிய்த்து எடுத்துவிட்டன. விடிந்த பிறகு ரப்பர் மரம் ஒன்று கம்பி மேல் விழுந்து, சர்ச்சுக்குக் கீழே ரோட்டு வளைவில் மூன்று போஸ்ட் சாய்ந்துவிட்டது. காலை ஏழு மணியிலிருந்து ஊருக்கே கரண்ட் இல்லை. அது சுனோஜின் ஏரியா. இன்றைக்குப் பார்த்து அவன் லீவு. அவனுக்குப் பதிலாகப் போஸ்டில் ஏறப்போவது பாஸ்கரேட்டன், ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லாத, முட்டிவலிக்காரர். போகிற வழியில் வண்டியை நிறுத்தி, "நீ போடா, பொணம் காத்திருக்கு. போஸ்டு எங்கயும் போயிடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சுனோஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஏலியாம்மச்சி வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது, வைஃபையும் இருந்தது. படம் கண்ணாடியாகப் போனது. கேமராவுக்கு ஒரு போன், ஷைபிக்கென்று தனியாக இன்னொன்று. அதில் அவள் தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு, யாருடைய வீட்டுச் சமையலறையிலோ உட்கார்ந்திருந்தாள். இப்போதே ஒரு தடவை அம்மச்சி கிட்டே கொண்டு போகட்டுமா என்று சுனோஜ் கேட்டான். அவளுக்கு ஒரு கணம் ஆசைதான். பிறகு வேண்டாம் என்றுவிட்டாள். கடைசி முத்தம் கடைசியில்தான். மூத்தவர்கள் கொடுத்து, அண்ணன் ரோய் அச்சாயன் கொடுத்து, அப்புறம்தான் தன் முறை. தூரத்தில் இருக்கிறேன் என்பதற்காக முந்திக்கொண்டு போவதா என்றாள். சுனோஜுக்கும் அது சரியென்றே பட்டது. நாற்பது அடக்கத்தில் எவரும் முறை மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில்லையே.

பதினொரு மணிக்கு அடக்கம். சர்ச்சில் வைஃபை கிடையாது, குன்றின் மேலிருக்கும் டவர்தான் கதி. கரண்ட் போனால் அதன் பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும் என்பது சுனோஜுக்குத் தெரியும். பன்னிரண்டு வரைக்கும் பயமில்லை. பதினொன்றே காலுக்குள் முத்தம் முடிந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

பதினொன்றுக்கு பிஷப் திருமேனி வரவில்லை. பக்கத்து இடவகைச் சர்ச்சில் இன்னொரு அடக்கத்தில் மாட்டிக்கொண்டாராம். பதினொன்றரை. பன்னிரண்டுக்குப் பத்து. சுனோஜ் ரோயின் காதருகே போய், டவர் போய்விடும், திருமேனி வருவதற்குள் ஷைபியின் முத்தத்தையாவது முடித்துவிடலாமா என்று கெஞ்சினான். ரோய் கெட்டவர் இல்லை. ஆனால் முன்வரிசையில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"திருமேனி வராம பொட்டிகிட்ட முத்தத்துக்கு எப்படிடா நிக்கறது? நாளைக்கு நான் இந்த ஊர்ல நடக்க வேண்டாமா?"

திருமேனி வந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. அதற்குப் பிறகு பாட்டு, ஜபம், மறுபடி பாட்டு. போனில் சிக்னல் கோடுகள் மூன்றாயின, பிறகு ஒன்று. ஷைபியின் முகம் கட்டங்கட்டமாக உடைந்து, அப்படியே நின்றுபோனது.

சுனோஜ் கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வெளியே ஓடினான். படிக்கட்டிலிருந்து பார்த்தால் வளைவு தெரியும். இரண்டு போஸ்ட் நட்டாயிற்று. மூன்றாவதன் உச்சியில் பாஸ்கரேட்டன் இடுப்பில் பெல்ட்டோடு தொங்கிக்கொண்டிருந்தார். சுனோஜ் மழைச்சேற்றில் சறுக்கி இறங்கி, போஸ்டின் அடியில் போய் நின்றான்.

"எவ்ளோ நேரமாகும் சேட்டா?"

"இருவது நிமிஷம். ஏன், பொணம் எந்திரிச்சிருச்சா?"

மற்ற இரண்டு போஸ்டும் முடிந்துவிட்டதே, அந்தப் பக்கத்துக்கு மட்டும் கரண்ட் விடச் சொல்லலாமா என்ற கேள்வி சுனோஜின் தொண்டை வரை வந்தது. லைனை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தவர் கீழே இறங்கி, முடிந்தது என்று எழுதிக்கொடுக்கிறவரை கரண்ட் விடக்கூடாது. அதில் ஒரு நிமிஷம் அவசரப்பட்டால் என்னவாகும் என்பதை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆளைப் போஸ்டிலிருந்து பிணமாக இறக்கியபோது தன் கையாலேயே தொட்டுப் பார்த்தவன் அவன். மேலே இருப்பது தன் இடத்தில் ஏறிய மனுஷர். கேள்வியை விழுங்கினான்.

"ஒண்ணுமில்ல சேட்டா. பாத்து, மெதுவாவே செய்யுங்க."

திரும்பி வந்தபோது முத்தம் ஆரம்பித்திருந்தது. மூத்தவர்கள் குனிந்து குனிந்து நகர்ந்தார்கள். ரோய் கொடுத்தார், தோள் குலுங்க நிமிர்ந்தார். பிறகு சுனோஜைப் பார்த்துக் கையசைத்தார். சர்ச் முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது.

"லைன் இல்ல அச்சாயா" என்றான் சுனோஜ், உதடு அசையாமல்.

"எனக்குத் தெரியுண்டா. புடி. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க. அவ குடுக்கலன்னு ஒரு பேச்சு வேண்டாம்."

திருமேனி காத்திருந்தார். நாற்பது அடக்கம் பார்த்தவனுக்கு அந்த இடத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய் நின்றான். ஷைபியின் முகம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த போனை ஏலியாம்மச்சியின் நெற்றியில் வைத்தான். கண்ணாடி குளிர்ந்தது. காதருகேயும் கொண்டு போனான். பின்வரிசையில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஒன்பது வருஷத்துக்கப்புறம் பொண்ணு முத்தம் குடுத்துட்டா என்று ஒருத்தி சொன்னதும் கேட்டது. அவனுக்கும் அழுகை முட்டியது. தான் அழுதால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று புரியாமல் அடக்கிக்கொண்டான்.

முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டார்கள். பெட்டியை மூடி, கல்லறைக்குத் தூக்கினார்கள். சுனோஜ் கேமராவோடு பின்னால் நடந்தான். திருமேனி முதல் பிடி மண் போட்டார், ரோய் போட்டார். அப்போதுதான் வளைவுப் பக்கம் கடைகளில் விளக்கு எரிவது தெரிந்தது. டவருக்கு உயிர் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் குழி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்தான். ஷைபி முகத்தைக் கழுவி, பொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு திரைக்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தாள்.

"நடுவுல கட்டாயிடுச்சு சேட்டா. நான் இங்கயேதான் காத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். "என் முறை வந்துருச்சா?"

போனின் கேமரா அவன் முகத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் குழியின் பக்கம் திருப்பவில்லை.