பெயர் சொல்ல விரும்பாதவர்

கொரியாவின் பூசானில் எங்கள் சபையில், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்தவர்களின் பெயர்களை வாரத் தாளில் அச்சிடுவோம். அதைத் தட்டச்சு செய்பவன் நான். போன வாரம் ஓர் உறையில் பணம் இருந்தது, பெயர் இல்லை. வழக்கப்படி 'பெயர் சொல்ல விரும்பாதவர்' என்று போட்டேன்.

போதகர் அதைப் பிடித்துக்கொண்டார். பெயரைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவரே முழுக்கக் கடவுளுக்குச் சொந்தமானவர் என்று அரை மணி நேரம் பிரசங்கித்தார். ஆராதனை முடிந்து சபையிலேயே மதியச் சாப்பாட்டின்போது, அந்த வாரப் பட்டியலில் பெயர் வராத மூப்பர் பியோ, யாரும் கேட்காமலேயே நான்கு பேரிடம், "அது நான் இல்லப்பா" என்று சொல்லிப் புன்னகைத்தார். சமையல் பெண்கள் அவருக்கு இன்னொரு கிண்ணம் கடற்பாசி சூப் ஊற்றினார்கள்.

திங்கட்கிழமை கருவாட்டுக் கடை மேங் ஓக்புன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கவர் என்னோடது. அவசரத்துல பேர் எழுத மறந்துட்டேன். அடுத்த வாரம் திருத்தம் போட்டுடு."

"போதகர் அவ்வளவு பேசிட்டாரேக்கா. கடவுளுக்குத் தெரியாதா, விடுங்க."

"கடவுளுக்குத் தெரியும்பா. என் மாமியார் அந்தத் தாளைத்தானே பாக்குறாங்க."