தூளியின் எடை

கொல்கத்தா கிதர்பூரில் டாக்டரின் சேம்பரிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது தமிழரசி குழந்தையைப் பார்க்கவே இல்லை. பொன்னி மடியில்தான் கிடந்தாள். வழியெல்லாம் லாரிகளின் ஹாரனுக்குக் கண்ணை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். தமிழரசியின் கண் கையிலிருந்த அட்டையில் இருந்தது. டிசம்பர் கடைசியில் ஐந்து கிலோ நூறு. ஜனவரி கடைசியில் ஐந்து எண்ணூறு. இன்று, பிப்ரவரி முடியப்போகிற நேரத்தில், ஐந்து தொள்ளாயிரம். ஒரு மாதம் முழுக்கக் கொடுத்த பாலுக்கு நூறு கிராம்.

டாக்டர் சிடுசிடுக்கவில்லை. அட்டையில் இருந்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். மேலேறி வந்த கோடு இந்த மாதம் தரையோடு படுத்துக்கொண்டது. "தாய்ப்பால் போதவில்லையோ என்னவோ. ஒரு வாரம் பார்ப்போம். ஏறவில்லை என்றால் டப்பாப் பால் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றிரண்டு டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். ஆங்கிலமும் வங்காளமும் கலந்து அவர் சொன்னதில் தமிழரசிக்குள் தங்கியது 'போதவில்லை' என்பது மட்டும்தான்.

கீழே மருந்துக் கடையிலேயே ஒரு டப்பா வாங்கிக்கொண்டாள். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் அதை அலமாரியில், துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால் வைத்தாள். யார் கண்ணிலிருந்து மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் அவளையும் முத்துக்குமாரையும் விட்டால் பொன்னிதான்.

கல்யாணத்துக்கு முன்னால், விருதுநகரில், அவள் மூன்று முறை பேங்க் பரீட்சை எழுதியவள். மூன்று முறையும் இரண்டு மார்க், மூன்று மார்க்கில் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்வாள். பொன்னி பிறந்த மூன்றாம் நாள் நெஞ்சு கனத்துப் பால் சுரந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. படிக்காமல், பயிற்சிக்குப் போகாமல், யாரும் கேள்வித்தாள் நீட்டாமல் தன்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது என்று அன்று தெரிந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது அதற்கும் ஒரு மார்க் ஷீட் வந்துவிட்டது.

முத்துக்குமாருக்கு வேலை துறைமுகத்துப் பக்கம், கூட்ஸ் ஷெட்டில். சரக்கு வேகன்களை எடை மேடையில் ஏற்றிச் சீட்டுப் போடுகிற வேலை. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் அவன் அம்மா பேசிய திருநெல்வேலித் தமிழோடு வங்காளமும் சேர்ந்து வரும்.

"நல்லாத்தான இருக்கா? சிரிக்கா, கத்துதா, ஒரு நாளைக்கு எட்டுத் துணிய நனைக்கா. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றான் அன்று மாலை.

"டாக்டருக்கு உங்கள விடக் கம்மியாத் தெரியுமோ?"

"ஆரே பாபா, நான் அப்படிச் சொன்னேனா!"

மறுநாள் மதுரையிலிருந்து சாவித்திரி வீடியோவில் வந்தாள். முத்துக்குமாரின் அக்கா. அவளுடைய பையன் பொன்னிக்குப் பத்து நாள் மூத்தவன்; தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை வைத்தவன்.

"என்ன தமிழு, பிள்ள கன்னம் வத்துன மாதிரி இருக்கு? போன மாசம் அஞ்சு எண்ணூறுன்னு நீதான அட்டைய எல்லாம் போட்டோ புடிச்சு அனுப்புன? இப்ப எவ்ளோ?"

"இன்னும் பாக்கல மதினி" என்று பொய் சொன்னாள் தமிழரசி.

அதற்கப்புறம் அவள் பொன்னிக்குப் பால் கொடுக்கவில்லை, ஏற்றினாள் என்றுதான் சொல்லவேண்டும். தூங்குகிறவளை எழுப்பி வாயில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவளுக்குக் கோபம் வந்தது. குடியேண்டி, என்னைக் காப்பாற்றேண்டி என்கிற மாதிரியான கோபம். நான்கு மாதக் குழந்தையிடம் இதையா கேட்கிறோம் என்று உடனே உடம்பு கூசியது. மாடி வீட்டு வங்காளி அண்ணி, ரீனா பௌதி வந்து, "அரோஷி, ஷோனாவைக் கொஞ்சம் கொடு" என்று கை நீட்டினாலும் கொடுக்க மனமில்லை. தமிழரசி என்ற பேர் பௌதியின் வாயில் அரோஷி ஆகி மூன்று வருஷமாகிறது; பொன்னி அவளுக்கு ஷோனா, தங்கம். குளிர்காலத்தில் பொன்னி போட்டுக்கொண்ட கம்பளி எல்லாம் பௌதி பின்னிக் கொடுத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் சொன்னாள்:

"டாக்டர் சொன்ன வியாழக்கிழமை வரைக்கும் என்னால பொறுக்க முடியாதுங்க. இப்பவே எடை பாக்கணும். உங்க ஷெட்ல தராசு கிடையாதா?"

"அதுலயா? அறுபது டன் வேகன் ஏறுத மேடை. பொன்னிய வச்சா முள்ளு கொட்டாவிதான் விடும்."

சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்காததைக் கண்டு எழுந்துபோனான். ஊருக்குப் பிளேனில் போனபோது பெட்டியை எடை பார்க்க வாங்கிய கைத்தராசைத் தேடி எடுத்து வந்தான். கொக்கியும் சின்னக் கண்ணாடியில் எண்ணும் உள்ளது. "பொட்டிக்குக் கைப்பிடி இருக்கு. இவளுக்கு?" என்றான்.

இருவரும் ஒரே நேரத்தில் தூளியைப் பார்த்தார்கள். அறையின் நடுவே உத்தரத்துக் கொக்கியில் தமிழரசியின் பழைய நூல் சேலை தொங்கியது. சேலையை அவிழ்த்து, கொக்கியில் தராசை மாட்டி, தராசின் கொக்கியில் சேலையை இறுக்கிக் கட்டினான் முத்துக்குமார். இரண்டு முறை தானே இழுத்துப் பார்த்தான். பொன்னியின் சட்டையைக் கழற்றி உள்ளே விட்டு, கீழே இரண்டு கையையும் ஏந்தியபடி தமிழரசி மண்டியிட்டாள். எண்கள் ஓடி ஓடி நின்றன.

"ஆறு அறுநூத்தி நாப்பது!" என்றாள் அவள்.

"தூளியக் கழிக்கணும்லா" என்றான் அவன், சாதாரணமாக. "வேகன் எடை போகத்தான சரக்கு எடை."

பொன்னியை எடுத்துக்கொண்டதும் வெறும் சேலை அறுநூற்றி இருபது காட்டியது. ஆக, ஆறு கிலோ இருபது கிராம்.

"அப்பக்கூட ஏறித்தான இருக்கு? தராசு முன்னப்பின்ன இருக்கட்டும். ஒண்ணும் கொறையல" என்று சொல்லிக்கொண்டே அவன் முடிச்சை அவிழ்க்கப் போனான்.

"அவிழ்க்காதீங்க."

"ஏன்?"

"ஜனவரியில யாருங்க கழிச்சா?"

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கோ அந்தச் சேம்பர் அப்படியே கண்ணில் வந்து நின்றது. எடை பார்க்கிற நிமாய் பாபு, குரங்குக் குல்லாயும் மப்ளருமாகத் தானே ஒரு மூட்டை போல இருந்தார். டிசம்பரிலும் சரி, ஜனவரியிலும் சரி, அவள் ஸ்வெட்டரின் பொத்தானில் கை வைத்ததும் பதறிப்போனார். "கழற்றாதீங்க மா, டண்டா லெகே ஜாபே!" குளிர் பிடித்துவிடுமாம். இந்த ஊரில் அதைவிடப் பெரிய பயம் கிடையாது. சால்வையைக்கூடப் பிரிக்காமல் பொன்னியை அப்படியே தராசில் கிடத்தினார். இந்த மாதம் அவர் மகள் கல்யாணத்துக்கு லீவு. புதிதாக வந்திருந்த நர்ஸ் பெண், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒட்டுத் துணி இல்லாமல் உரித்துத்தான் எடை பார்த்தாள்.

தமிழரசி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பூச்சி உருண்டை வாசனை அடித்தது. சால்வை, ஸ்வெட்டர், கம்பளிக் கால்சட்டை, குல்லாய், இரண்டு ஜோடிக் காலுறை. எல்லாவற்றையும் தூளிக்குள் போட்டார்கள். ஒரு கிலோ இருநூற்றிப் பத்து. சேலையைக் கழித்தால் ஐந்நூற்றித் தொண்ணூறு. அப்படியானால் ஜனவரியில் பொன்னி ஐந்து இருநூறுதான்; இந்த மாதம் ஏறியது நூறு இல்லை, ஏறக்குறைய எழுநூறு.

முத்துக்குமார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "பதினோரு வருஷமா வேகன் வேகனாக் கழிக்கேன், தமிழு. அன்னிக்கு ரெண்டு தடவையும் பக்கத்துலதான் நின்னேன். எம்பிள்ளைக்குக் கழிக்கத் தோணல பாரு." அவனுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அப்பா சிரிப்பதைப் பார்த்துப் பொன்னியும் சிரித்தாள்.

தமிழரசிக்கு வரவேண்டிய நிம்மதி வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. ஜனவரியில் டாக்டர் "அருமையான வளர்ச்சி" என்றதும் அந்த அட்டையைப் படம் பிடித்து மதுரைக்கு அனுப்பியிருந்தாள். அன்று இரவெல்லாம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அந்தப் பெருமையிலும் அரைக் கிலோவுக்கு மேல் கம்பளிதான். தோற்றதைப் பொய் என்று ஒதுக்கினால் ஜெயித்ததையும் ஒதுக்க வேண்டியதுதான். இரண்டும் போனபின் மிச்சம் இருந்தது மடியில் இந்தப் பெண்.

நான்கு நாளில் முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தாள். கழுத்து ஆடாமல் நின்றது. எப்போது நின்றது? தூளிச் சேலையின் நுனியை எட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். எப்போது கற்றுக்கொண்டாள்? தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதாக இருக்கும்.

வியாழக்கிழமை நிமாய் பாபு திரும்பி வந்திருந்தார். வெயில் அடிக்கிற மார்ச்சிலும் கழுத்தில் மப்ளர். அவர் வாய் திறக்குமுன் தமிழரசி பொன்னியின் துணியெல்லாம் கழற்றிவிட்டாள். இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணையும் உருவினாள். "அதில் என்ன இருக்கிறது, மா?" என்றார் அவர். "இருக்கட்டும்" என்றாள். ஆறு கிலோ எழுபது.

டாக்டர் கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, குழந்தையைத் தூக்கி நிறுத்தி, புரட்டிப் போட்டு, எத்தனை தடவை சிறுநீர் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "நன்றாக இருக்கிறாள். டெஸ்ட் வேண்டாம். இப்போது கொடுப்பதையே கொடுங்கள்" என்றார்.

"அந்த ரெண்டு மாசத்துக்குப் பக்கத்துல கம்பளியோட பாத்ததுன்னு எழுதிடுங்க டாக்டர்."

"எனக்குத்தான் தெரிந்துவிட்டதே."

அவள் அவர் மேசையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, டிசம்பருக்கும் ஜனவரிக்கும் பக்கத்தில் தமிழிலேயே 'கம்பளியோடு' என்று எழுதினாள். டாக்டர் அந்த எழுத்துகளைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார்.

வீட்டுப் படியில் ரீனா பௌதி காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "என்ன! நான் பின்னியது அறுநூறு கிராமா? அதனால்தான் ஷோனாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை!" அடுத்த குளிருக்கு என்ன நிறம் என்று அங்கேயே கேட்டாள்.

"மஞ்சள்" என்று சொல்லித் தமிழரசி குழந்தையை அவளிடம் கொடுத்தாள்.

உள்ளே போய்ப் பருப்பு டின்னை நகர்த்தி, டப்பாவை முன்வரிசைக்கு எடுத்து வைத்தாள். என்றைக்காவது தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். அதில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. படியில் பொன்னி சிணுங்கும் சத்தம் கேட்டது. பசிச் சிணுங்கலா, பௌதியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்க முடியாத சிணுங்கலா என்று ஒரு நிமிஷம் காது கொடுத்தாள்.

மூக்குக்கண்ணாடிதான். பசிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.